லைசென்ஸ் பெற்ற நீர்நாய்

புலி தரையில் படுத்திருந்தது. வாயை அகலத் திறந்திருந்தது. அதன் முதுகின்மேல் ஏறி நின்றுகொண்டு தலைவர் ஏகாம்பரம் ஜே.பி. தமது உரையைத் தொடங்கினார்.

"விலங்குகள் நம் நண்பர்கள்!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோகிலா காலை வெடுக்கென்று பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டாள். வெறும் தோல்தான், தலைக்குள் மரத்தூள்தான் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். இருந்தாலும் பல் நிஜப் பல்லாயிற்றே.

இடம், மலாக்கா டவுனில் காஜா பேராங். காலம், மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, இரண்டு மாதம் முன்பு. கட்டடம், வனவிலங்கு அன்பர் கழகத்தின் மண்டபம். வெள்ளைக்காரன் போகிறான், நாடு நம் கைக்கு வருகிறது, நாட்டோடு சேர்ந்து காடும் வருகிறது. ஆகவே காட்டில் என்னென்ன இருக்கிறது என்று தோட்டப்புறப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று கழகம் முடிவு செய்திருந்தது. சனிக்கிழமைதோறும் ரப்பர் ஷீட் ஏற்றும் லாரி ஒன்று ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து மண்டப வாசலில் கொட்டும். காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களைக் காட்டைப் பற்றிப் படிக்க டவுனுக்கு ஏன் கொண்டுவர வேண்டும், அங்கேயே சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று ஒரு பையன் முதல் வாரமே கேட்டான். காட்டில் நாற்காலி கிடையாது என்று விளக்கம் தரப்பட்டது. பையன் மறுவாரம் வரவில்லை.

மண்டபத்தில் விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. சுவரெல்லாம் மான் கொம்பு. கண்ணாடி அலமாரியில் எறும்புத்தின்னி. வாசலில், குடை வைப்பதற்காக, யானையின் கால் ஒன்று. காஜா பேராங் என்றால் மலாயில் கோபம் கொண்ட யானை என்று அர்த்தம். அது எதற்காகக் கோபித்துக்கொண்டது என்பது வரலாற்றுப் புதிர் என்றார் தலைவர். குடைத்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்த கோகிலாவுக்கு அதில் பெரிய புதிர் இருப்பதாகத் தெரியவில்லை.

தலைவர் உட்கார்ந்ததும் செயலாளர் தேவதாஸ் எழுந்தார். தேவதாஸுக்கு விலங்குகள்மேல் அன்பு உண்டு. தமிழ்மேல் வெறி உண்டு. லாரியைப் பாரவண்டி என்பார். அது வராத நாட்களில் மட்டும் "லாரி எங்கேடா?" என்று கத்துவார்.

"உங்கள் வட்டாரத்தில் நீங்கள் கண்ட விலங்கு ஒன்றின் பெயரை எழுந்து சொல்லுங்கள்."

"ஒட்டகச்சிவிங்கி, சார்" என்றான் ஒருவன். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துச் சொன்னான். கழகத்திடம் இருந்த ஒரே படம் அது. லண்டனில் அச்சானது.

"இங்கே அது கிடையாது. இருந்தாலும் உச்சரிப்பு நன்றாக இருந்தது, உட்கார். அடுத்து?"

கோகிலா எழுந்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று, தோட்டத்தில் புல்வெட்டுக்குப் போகிறவள். கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்குமேல் அவளுக்கு எந்த எண்ணமும் இல்லை.

"மெமராங், சார்."

"என்ன ராங்?"

"மெமராங் சார். எங்க ஆத்துல இருக்கு. பூனைய விடக் கொஞ்சம் பெருசு. தண்ணிக்குள்ள முழுகி நண்டு புடிச்சுத் திங்கும். ரெண்டு குட்டி போட்டிருக்கு. நான் நாக்கச் சொடுக்குனா கிட்ட வரும்."

தேவதாஸின் முகம் சிவந்தது. "நாடு விடுதலை பெறப் போகிறது. விலங்கு மட்டும் மலாய்ப் பெயரோடு அலைய வேண்டுமா? அதற்கு அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. நீர்நாய்! எல்லாரும் சொல்லுங்கள்."

"நீர்நாய்!" என்று மண்டபமே கத்தியது.

"நாய்" என்ற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நடந்ததெல்லாம் அந்தச் சத்தத்திலிருந்துதான் நடந்தது.

தலைவர் மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "இரு, இரு. அது உயிரோடா இருக்கிறது?"

"ஆமாங்க ஐயா."

கழகத்தின் வரலாற்றில் உயிருள்ள விலங்கு ஒன்றோடு ஏற்பட்ட முதல் தொடர்பு அது. தலைவர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

*

கூட்டத்துக்குச் சாட்சியாகக் கோகிலாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நீள மேசையின் ஒரு கோடியில் ஏகாம்பரம். மறு கோடியில் துணைத்தலைவி மீனாச்சி அம்மையார்.

மீனாச்சி அம்மையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்டபம் நிற்கும் மனை அவருடைய குடும்பத்துடையது. பக்கத்துக் கம்போங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிகள். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா சட்டை, இடுப்பில் கைலி, கொண்டையில் மல்லிகை, வாயில் மலாய். சாமி பெயர்களும் சில உறவுமுறைகளும் தவிரத் தமிழ் வராது. கூட்டங்களோ தூய தமிழில் நடக்கும். ஆகவே எல்லாரும் கை தூக்கும்போது அம்மையாரும் தூக்குவார். கழகத்தின் தீர்மானங்கள் அனைத்தும் ஒருமனதாக நிறைவேறியதற்கு அவரும் ஒரு காரணம்.

இன்னொரு தமிழ்ச் சொல்லும் அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டில் குடியிருந்த ஒரு டோபி, காயப்போட்ட வேட்டியின்மேல் ஏறும் தெருநாயைத் தினமும் விரட்டுவான். அதைக் கேட்டுக் கேட்டு வந்தது. "நாய்."

"சகோதரி, அவையோருக்கு எடுத்துரை" என்றார் தேவதாஸ்.

கோகிலா, "எங்க ஆத்துல மெ..." என்று ஆரம்பித்தாள்.

தேவதாஸ் கண்ணை உருட்டினார்.

"...நீர்நாய் இருக்கு" என்று விழுங்கினாள். "தொரை வீட்டாளுங்க மீன் பெருகணும்னு ஆத்துக்குப் பக்கத்துல போறதயெல்லாம் சுடுறாங்க. என் நீர்நாயச் சுட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு. நீங்க பெரியவங்க. பாத்து எதாச்சும் செய்யணும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மீனாச்சி அம்மையார் நிமிர்ந்தார். ஒரு பெண் அழுகிறது. நாய் என்கிறது. துப்பாக்கி பிடிப்பதுபோல் கையைக் காட்டுகிறது. ஊரில் நாய்ப் பைத்தியம் பரவுகிறது என்று கழுத்தில் வில்லை இல்லாத நாய்களையெல்லாம் அரசாங்கத்து ஆட்கள் சுட்டுத் தள்ளும் சமயம் அது. அம்மையாருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கூட்டம் அவருக்கு விளங்கியது அதுதான் முதல் தடவை. மகிழ்ச்சியில் அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கினார்.

'நீர்நாயைக் கழகம் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கிறது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வெளியே வந்ததும் அம்மையார் கோகிலாவின் கன்னத்தைத் தடவினார். "ஜாங்கான் நங்கிஸ், நாக்" என்றார். அழாதே மகளே என்று அர்த்தம். கோகிலாவுக்கு மலாய் தெரியும். "தெரிமா காசே, மக்சிக்" என்று அத்தை முறை வைத்து நன்றி சொல்லி அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எந்த இடம் என்று அம்மையார் கேட்டதற்கு, ஆயர் குரோ பக்கத்துத் தோட்டம், ஆற்றோரம் என்று மலாயில் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை, அந்த மலாய் வார்த்தை, அப்போது அவள் வாயில் வந்திருக்கலாம். வரவில்லை. நல்ல தமிழ்ப் பெயர் கிடைத்த புதுசு.

அம்மையார் நேராக நாய் லைசென்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் தம் தங்கை மகனிடம் போனார். ஆயர் குரோ பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஏழைப் பெண்ணின் நாய் ஆற்றோரம் இருக்கிறது, வில்லை இல்லை போலிருக்கிறது, பாவம், சுட்டுவிடாதீர்கள், கழகம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பலகாரமும் கொடுத்துவிட்டு வந்தார்.

வில்லை இல்லாத நாய் ஒன்று இருக்கிறது என்பது அந்த ஆபீசுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

*

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்து தொழிலாளர் லயத்து முன்னால் நின்றது. துப்பாக்கியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நாய்க் கட்டுப்பாட்டு அதிகாரி பொன்னுதுரை இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். மிகவும் மரியாதையான மனிதர்.

"பிள்ளை, உன்ரை நாய் எங்கை?"

"எங்ககிட்ட நாய் இல்லைங்க ஐயா."

"ஆத்தில நிக்கிறதாம். கழகத்திலயிருந்து சொன்னவை."

"ஐயா, அது நாய் இல்லைங்க. நீர்நாய்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா காமாட்சி வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "என்னாங்க இது கூத்தா இருக்கு? அது மெமராங்குங்க. நண்டு திங்கிற சாதி. நாயி எங்கயாச்சும் நண்டு திங்குமா?"

"லைசென்ஸ் இருந்தால் எதுவும் தின்னலாம் அம்மா." பொன்னுதுரை கோகிலாவின் பக்கம் திரும்பினார். "குரைக்குமோ?"

"இல்லைங்க. கீச்சு கீச்சுன்னு கத்தும்."

"குரைக்காத நாய்." இரண்டு துப்பாக்கிக்காரர்களையும் பொருள் பொதிந்த பார்வை பார்த்தார். "அதுதான் மோசம். வாறது தெரியாது."

"ஐயா, அது எந்நேரமும் தண்ணிக்குள்ளயே கெடக்குது. பைத்தியம் புடிச்ச நாயி தண்ணியக் கண்டா பயப்படும்னு நீங்கதான ரேடியோல சொல்றீங்க?" என்றாள் கோகிலா.

"ஓம். அப்ப என்ன அர்த்தம்? இன்னும் விசர் பிடிக்கேல்லை எண்டு அர்த்தம். பிடிச்ச பிறகு சுடுறது ஆரும் செய்வினம். பிடிக்க முன்னம் சுடுறதுதான் நிர்வாகம்."

"மெமராங்குன்னு மலாய்க்காரவங்களக் கேட்டுப் பாருங்கய்யா!"

"கேட்டனான். மலாயில அதுக்கு இன்னொரு பேரும் இருக்கு. அஞ்சிங் ஆயர். அஞ்சிங் எண்டால் நாய், ஆயர் எண்டால் தண்ணி. ரெண்டு பாஷையும் ஒண்டாய் நிண்டு சொல்லுது. நீ ஒருத்தி மட்டும் இல்லையெண்டுறாய்." குரலை இறக்கினார். உண்மையிலேயே இரக்கப்பட்டார். "எனக்கும் பிள்ளையள் இருக்கினம். அடுத்த மாசம் வரையும் விடுறன். கழுத்தில வில்லை கண்டால் திரும்பிப் போவன். காணாட்டில் சுடுவன்."

ஜீப் போய்விட்டது. காமாட்சி மகளைப் பார்த்தாள்.

"அந்தக் கழகத்துல போயி எதுக்குடி வாயத் தொறந்த?"

"கேட்டாங்கம்மா."

*

மறுபடியும் அவசரக் கூட்டம். கோயில் திருவிழா என்று மீனாச்சி அம்மையார் மட்டும் வரவில்லை.

"ஐயா, நீர்நாய் நாய் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றாள் கோகிலா. கை கூப்பியிருந்தாள்.

தேவதாஸ் யோசித்தார். "நீர்நாய் நாய் அல்ல என்று நான் சொன்னால் தமிழ் பொய் சொல்கிறது என்றாகும். ஆயிரக்கணக்கான ஆண்டுத் தமிழ்! ஒரு விலங்குக்காக மொழியைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறாயா?"

"அப்ப மெமராங்குன்னாச்சும்..."

"உட்கார்."

தலைவர் ஏகாம்பரம் எழுந்தார். வழக்கம்போல் புலியின்மேல் போய் நின்றுகொண்டார். உயரம் சற்றுக் குறைவானவர்.

"ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தைத் திரும்பப் பெறுவது நல்லதல்ல. முன்பே யோசிக்கவில்லை என்று மக்கள் நினைப்பார்கள். அதைவிட மோசம், இப்போது யோசித்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். பாதுகாப்பைப் பற்றி இந்தப் பெண் எனக்குச் சொல்ல வேண்டாம். இந்த ஜில்லாவில் என்னைவிட அதிகமாக விலங்குகளைப் பாதுகாத்தவர் யார்? இதோ இந்தப் புலி. சுட்டு இருபது வருஷமாகிறது. ஒரு பூச்சி அரித்திருக்கிறதா பாருங்கள்! அந்த எறும்புத்தின்னியைப் பாருங்கள், ஒரு செதில் உதிரவில்லை. காட்டில் விட்டிருந்தால் இவையெல்லாம் எப்போதோ செத்து மண்ணாகியிருக்கும். அன்பர்களே, காடு விலங்குகளைப் பாதுகாக்கும் இடமல்ல!"

கைதட்டல் அடங்கியதும் தலைவர் வழி சொன்னார். நீர்நாய்க்கு லைசென்ஸ் எடுத்துவிடுவது. காட்டு விலங்குக்கு லைசென்ஸ் எடுத்த முதல் கழகம் என்ற பெயர் வரும். மெர்டேக்கா மாதம், கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரியையே அழைத்து, ஆற்றங்கரையில் பந்தல் போட்டு, வில்லையோடு அதைக் காட்டிவிடலாம்.

"கழுத்துல யாருங்க கட்டுறது?" என்று கோகிலா கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கவே வேண்டாம்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

*

"கட்டிரு" என்றாள் காமாட்சி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "துப்பாக்கிக்கு வாரு தேவலாம்."

தோல் பட்டையும் பித்தளை வில்லையும் வந்து சேர்ந்தன. கோகிலா ஒரு நண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்று மணலில் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினாள். தாய் முதலில் வந்தது. பின்னாலேயே குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. நண்டைத் தின்றுகொண்டிருக்கும்போதே மாட்டிவிட்டாள். தாய் ஒரு தடவை தலையை உதறியது. பட்டை கழன்று மணலில் விழுந்தது.

மறுபடி கட்டினாள். மறுபடி விழுந்தது. மெமராங்கின் கழுத்தும் தலையும் ஒரே பருமன். தண்ணீருக்குள் எந்தப் பொந்துக்குள்ளும் நுழைந்து வருவதற்காக அதற்கு அப்படி வாய்த்திருக்கிறது. எதுவும் அதைப் பிடித்து நிறுத்தக் கூடாது.

அவள் செய்தியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். கட்ட முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் போனாள். தேவதாஸ் சட்டென்று தீர்வு கண்டார். கழுத்தில் ஒன்று, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒன்று, இரண்டையும் முதுகில் சேர்த்து ஒரு வார். குதிரைக்குப் போடுவது போல. டவுனில் தெங்கேரா பக்கம் ஒருவர் தைத்துக் கொடுத்தார். வேலைப்பாடு பிரமாதம். ஆயுசுக்கும் அறாது என்றார்.

வார் வந்த அன்றைக்கு நண்டு இல்லை. வெறுங்கையோடுதான் போனாள். இருந்தும் தாய் வந்தது. வந்து அவள் மடியில் முன்னங்காலை வைத்துக் கைகளை முகர்ந்தது. ஈர மூக்கு சில்லென்று இருந்தது. கோகிலா வாரை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பூட்டினாள். ஒரு துளை இறுக்கினாள். கழன்றுவிடக் கூடாதே என்று இன்னொரு துளை இறுக்கினாள். அது அசையாமல் இருந்தது. விரலுக்குக் கீழே அதன் இதயம் திடுதிடுவென்று அடித்ததே தவிர, ஓடவில்லை. அவள் கை என்பதால் ஓடவில்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்று அதனிடம் சொன்னாள். "மெர்டேக்கா முடிஞ்சதும் அவுத்துடுறேன்."

*

விழா சிறப்பாக நடந்தது. பந்தல், தோரணம், ரோஜா மாலை. கோலாலம்பூர் அதிகாரிக்கு வெயில் ஆகவில்லை என்பதால் அவருடைய நாற்காலியை ஆற்றுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்கள். பொன்னுதுரை சீருடையில் வந்திருந்தார். வில்லையைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திருப்தியடைந்து, துப்பாக்கிக்காரர்களைப் பலகாரம் சாப்பிட அனுப்பினார். நிம்மதி அவர் முகத்திலும் தெரிந்தது.

கோகிலா நாக்கைச் சொடுக்கினாள். தாய் கரையேறியது. பித்தளை வெயிலில் மின்னியது. தோட்டத்து ஜனம் முழுவதும் கை தட்டியது.

அப்போதுதான் மீனாச்சி அம்மையார், கைலி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலில் தடுமாறி முன்வரிசைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றைப் பார்த்தார். நாயைத் தேடினார். கோகிலாவின் காலடியில் நிற்பதைப் பார்த்தார். அவர் வாய் மெதுவாகத் திறந்தது.

"இத்து மெமராங்லா!" என்று கத்தினார். "புக்கான் அஞ்சிங்! மெமராங்! சியாப்பா காத்தா அஞ்சிங்?"

அது நாயே இல்லை, நாய் என்று எவன் சொன்னான் என்று கேட்டார். நேராக மேடையேறி, அதிகாரியின் முகத்துக்கு நேரே, கையை ஆட்டி ஆட்டி, அவிழ்த்துவிடுங்கள், தண்ணீரில் இருக்கிற பிராணிக்கு யாராவது வார் போடுவார்களா என்று மலாயில் கேட்டார். கண்ணீர் வழிந்தது.

தேவதாஸ் ஒலிபெருக்கியை வாங்கினார். "நமது துணைத்தலைவி அவர்கள் மலாய் மொழியில் உணர்ச்சி பொங்கப் பாராட்டுகிறார்கள்!"

அவ்வளவு பேருக்கும் மலாய் தெரியும். இருந்தாலும் பாராட்டு என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகு என்ன செய்வது? தட்டினார்கள். அதிகாரி எழுந்து அம்மையாரின் கையைக் குலுக்கினார். தலைவர் தம் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

அம்மையார் மாலையோடு கோகிலாவிடம் வந்தார். "நீ ஏன் அன்றைக்கே என்னிடம் மெமராங் என்று சொல்லவில்லை, நாக்?" என்று மலாயில் கேட்டார்.

"சொல்லக் கூடாதுன்னாங்க, மக்சிக்" என்று அவளும் மலாயிலேயே சொன்னாள்.

கைதட்டலுக்குப் பயந்து மெமராங் அதற்குள் தண்ணீருக்குள் போயிருந்தது. இப்போதே அவிழ்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் இருட்டும்வரை கரையில் நின்று கூப்பிட்டார்கள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்த பிறகு அது வரவில்லை.

*

மறுநாள் காலையில், பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில் கோகிலா ஆற்றுப்பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்தாள். குட்டிகள் இரண்டும் ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி முழுகிக்கொண்டிருந்தன. முழுகும், வரும், கீச்சிடும், மறுபடி முழுகும். அக்கரையில் ஆண் மெமராங் நின்று கத்திக்கொண்டிருந்தது. அது ஒருநாளும் மனிதர் பக்கம் வந்ததில்லை.

அவள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். கைக்கு வேர் தட்டுப்பட்டது. வேரில் மாட்டியிருந்த வார் தட்டுப்பட்டது. இழுத்தாள், அசையவில்லை. தைத்தவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். அம்மாவின் பால் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்துதான் அறுக்க வேண்டியிருந்தது.

மணலில் கிடத்தியபோது வில்லை கொஞ்சம்கூட நகராமல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

கழகம் அன்று மதியமே வந்தது. இரங்கல் தீர்மானம் நிறைவேறியது. ஒரு நிமிட மௌனத்தில் தேவதாஸ் மெய்யாகவே தேம்பி அழுதார். தலைவர் உடலைப் புரட்டிப் பார்த்து, முடி கெடவில்லை என்றார். துணியில் சுற்றச் சொன்னார்.

"எங்கங்க கொண்டு போறீங்க?" என்றாள் கோகிலா.

"இனிமேல்தான் அதற்கு முழுப் பாதுகாப்பு."

காமாட்சி குறுக்கே வந்து நின்றாள். "வெக்கமா இல்ல? ஒரு பச்சப் புள்ள கையாலயே கட்ட வெச்சிக் கொன்னுபுட்டு..."

"அம்மா, லைசென்ஸ் கழகத்தின் பெயரில். உடல் கழகத்தின் சொத்து." குரலில் கோபமே இல்லை. தலைவர் பொறுமையாகச் சொன்னார்.

பொன்னுதுரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பிறகு கோகிலாவின் பக்கத்தில் வந்து தரையைப் பார்த்துப் பேசினார். "பிள்ளை, செத்த நாயின்ரை லைசென்ஸ் குட்டியளுக்குச் செல்லாது. சட்டம் அப்பிடி. வளர்ந்திட்டுதுகள் எண்டால் அதுகளுக்கும் வில்லை வேணும்."

"கவலையே வேண்டாம்" என்றார் தேவதாஸ், மூக்கைச் சிந்திவிட்டு. "குட்டிகளுக்கும் கழகமே எடுக்கும். சிறிய அளவில் இரண்டு வார் தைக்கச் சொல்லிவிட்டேன். கோகிலாவே கட்டுவாள். அவளிடம்தான் வருகின்றன."

வண்டிகள் போன பிறகு கோகிலா வீட்டுக்குப் போகவில்லை. ஆற்று மணலில் இறங்கி நடந்தாள். நாக்கைச் சொடுக்கவில்லை. காலடிச் சத்தத்துக்கே குட்டிகள் வந்துவிட்டன. காலில் ஏறின. பாவாடை நுனியை இழுத்தன. சின்னது அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வந்தது.

"போங்க" என்றாள். "அங்கிட்டுப் போங்க. ஒங்கப்பன் நிக்கிறான் பாரு, அவன்கிட்டப் போங்க."

அவை அவள் முகத்தைப் பார்த்தன.

"போன்னா போ! எவன் கூப்பிட்டாலும் வராத! நான் கூப்பிட்டாலும் வராத!"

தண்ணீரில் கையால் அடித்தாள். பெரிய குட்டி மிரண்டு ஆற்றின் நடுவுக்குப் போய், அங்கே நின்று யோசித்து, அக்கரைக்கு நீந்தியது. சின்னது மட்டும் போகவில்லை. விளையாட்டு என்று நினைத்து அதுவும் தண்ணீரை அடித்தது.

கோகிலா குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். குட்டிக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்து ஓங்கி எறிந்தாள். தண்ணீர் தெறித்தது. குட்டி சட்டென்று திரும்பி முழுகிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா, பயந்துவிட்டது, போய்விட்டது என்று அவளுக்கு மூச்சு வந்தது.

குமிழி வந்தது. பிறகு தலை வந்தது. கல்லை இரண்டு முன்னங்கால்களாலும் மார்போடு அணைத்துக்கொண்டு குட்டி கரையேறியது. மூன்று தடவை நழுவவிட்டது. மூன்று தடவையும் பொறுக்கிக்கொண்டது. தள்ளாடித் தள்ளாடி வந்து அவள் காலடியில் வைத்தது. வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

பொன்னுதுரை இருந்திருந்தால் நாய்தான் என்று அங்கேயே கேஸை முடித்திருப்பார்.

அவளுக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அதே கல்லை எடுத்தாள். ஈரமாக, கனமாக இருந்தது. இந்தத் தடவை அவள் தண்ணீரைப் பார்த்து எறியவில்லை.